வசனங்கள் ஆறுதல் தராத காலத்தில் வேதாகமத்தை எப்படி வாசிப்பது?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார். சிறுநீரக நோயால் கணவர் இறந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. வைத்தியச் செலவுக்கு அடைவு வைத்த நகைகளை இன்னும் மீட்கவில்லை. புறக்கோட்டையில் இருந்த சிறிய கடையையும் மூடியாயிற்று. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இருவர். சபையார் காலைதோறும் பூப் படங்களின்மேல் வசனம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அவற்றைப் பார்க்கப் பார்க்க மனம் கசக்கிறது என்கிறார். ஜெபக்குழுவில் ஒருவர், வீட்டில் மறைவான பாவம் ஏதும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நடக்கவுள்ள ஓராண்டு நினைவு ஆராதனையில் சாட்சி சொல்லவும் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, "எனக்கு நம்பிக்கை தரும் வசனங்கள் சிலவற்றைச் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார். வசனங்களுக்கு அவரிடம் பஞ்சமில்லை. கைபேசி நிறைய அவைதான் இருக்கின்றன. இப்படிக் கசந்துபோனதால் தம்முடைய விசுவாசம் செத்துவிட்டதா, இந்த மனநிலையில் இருக்கும் ஒருத்திக்கும் கிருபையில் இடம் உண்டா என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

சகோதரி, நான் பிலிமத்தலாவையில் இறையியல் படித்து, கொழும்புச் சபைகளில் போதகராக இருந்து, பின்னர் பெரும்பாலும் வைத்தியசாலைகளில் நோயாளரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சந்திக்கும் ஊழியத்தில் காலத்தைக் கழித்தவன். ஆகையால் வேதாகமம் ஓரிடத்தில் என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பகுதி கைகொடுத்தது என்பதையும் கண்டதை வைத்துச் சொல்லலாம், ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் என்று சாதிக்கமாட்டேன். உங்கள் கணவர் ஏன் இந்த வயதில் போனார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் தம்மிடம் இருப்பதாகப் பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம்.

உங்களுக்கு அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11 என்று எழுதியிருந்தீர்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வரி ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 597ஆம் ஆண்டில் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்திய அதிகாரத்தை வாசித்தால், அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்திலே எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொன்னது தெரியும். கேட்க இனிமையான செய்தி. ஆனால் அது பொய் என்று எரேமியா மறுத்தார். எழுபது வருஷம் ஆகும், அதுவரை அந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை முதலில் வாசித்துக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அந்த வாக்குறுதி மெய்தான், ஆனால் விரைவான விடுதலையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. பூப் படத்தின்மேல் தனியே எழுதி அனுப்பும்போது எழுபது வருஷம் உதிர்ந்துபோகிறது. எரேமியாவின் வரியை அனனியாவின் குரலில் வாசிப்பது போலாகிவிடுகிறது. அதைக் கேட்டு உங்கள் மனம் கசந்தால் அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வாக்கியமும் உங்கள் காதில் விழுந்திருக்கும்: தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார் என்பது. இது வேதாகமத்தில் இல்லை. இதற்கு மூலமாகக் காட்டப்படும், அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 10:13, விக்கிரக விருந்துகளிலும் இச்சைகளிலும் விழுந்துபோகும் சோதனையைப் பற்றிப் பேசுகிறது, நோயையும் சாவையும் கடனையும் பற்றி அன்று. சில காலத்துக்குள் அதே பவுல் அதே சபைக்கு மீண்டும் எழுதும்போது, தமக்கு ஆசியாவில் நேர்ந்ததைக் குறித்து, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" உண்டாயிற்று என்று மறைக்காமல் சொல்கிறார் (2 கொரிந்தியர் 1:8). பலத்துக்கு மிஞ்சியது என்பது அவருடைய சொந்த வாக்குமூலம். உங்களால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியதை அவர் வாசித்திருந்தால் கண்டித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோமர் 8:28-க்கும் இதுதான் நேர்ந்திருக்கிறது. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்பதைச் சொல்கிறவர்கள், இரண்டு வசனம் முன்னே போய், எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாத நமக்காக ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுகிறார் என்பதையும் சொல்லலாம். ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்களே, அந்த நிலைக்கு அந்த அதிகாரத்திலேயே இடம் இருக்கிறது.

இப்போது கசப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் வாட்டுவது அதுதான். சங்கீதங்கள் 150-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள் என்று வேத ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் அவற்றுள் சிறியது, ஆறே வசனங்கள். எதுவரைக்கும் என்ற கேள்வி தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலான முறையீடுகள் இதைப்போலவே கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" என்று வழக்காடி, சிநேகிதரையும் தோழரையும் தூர விலக்கினீர் என்ற குற்றச்சாட்டோடு இருளிலேயே நின்றுவிடுகிறது. வேதாகமத்தைத் தொகுத்தவர்கள் இந்த ஒரு சங்கீதத்தை விட்டுவிட்டிருக்கலாம், அல்லது முடிவில் ஒரு துதியைச் சேர்த்திருக்கலாம், இரண்டையும் செய்யவில்லை. ஆலயத்தில் பாடும் பாட்டாகவே வைத்திருந்தார்கள்.

மகரகம வைத்தியசாலையில், மகனுக்குத் துணையிருந்த யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவரிடம் நான் 23ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கியபோது அவர் கையமர்த்தி, "அது வேண்டாம் ஐயா, வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் வாசிச்சிட்டுப் போகினம்" என்றார். 88-ஐ வாசித்தேன். சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கையில் வைத்துத் திருகியபடியே முழுவதையும் கேட்டவர், "இதுவும் பைபிளுக்குள்ளதானோ இருக்கு?" என்று கேட்டு, புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாமே ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு அவர் ஜெபித்தார். ஜெபம் என்பதைவிடச் சண்டை என்றே சொல்ல வேண்டும், ஆனால் அது கடவுளோடு பிடித்த சண்டை. நம்பிக்கையற்றுப் போனவர் வாதாட வரமாட்டார், எழுந்து போய்விடுவார். கடவுளிடம் கோபித்துக்கொள்வதை வேதாகமம் விசுவாசத்தின் எல்லைக்குள்தான் வைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் கேள்வியில் முதலில் பதில் பெற வேண்டிய பகுதி இதுவே.

உங்களுடைய நிலைக்கு இன்னும் நெருக்கமான ஒருத்தி ரூத்தின் புத்தகத்தில் இருக்கிறாள். எல்லாரும் அதை ரூத்தின் கதையாக வாசிக்கிறோம். விதவையாகி, இரண்டு மகன்களையும் அந்நிய நாட்டில் புதைத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமியின் கதையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஊர்ப் பெண்கள் விசாரிக்க வந்தபோது, "நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுகிறாள். நான்கு அதிகாரங்களிலும் அவளை அதற்காக யாரும் திருத்தவில்லை, தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, அவள் மன்னிப்புக் கேட்டதாகவும் இல்லை. கதை வேறு வழியில் போகிறது: மருமகள் கதிர் பொறுக்கப் போகிறாள், வயல்காரன் வறுத்த தானியத்தை அவள் கையில் கொடுக்கிறான், அவள் வயிறாரச் சாப்பிட்டு மீந்ததை மாமிக்கு எடுத்து வருகிறாள். கசந்துபோன கிழவிக்குக் கடவுளின் தயவு முதன்முதலில் வந்து சேர்ந்தது அந்த மீந்த சாப்பாடாகத்தான். அவளுடைய மனம் மாறியபின்பு அது வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மறைவான பாவம் என்று சொன்னவருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர் கேட்டதற்கும் அதே மறுப்புத்தான் (யோவான் 9). யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் கூட உட்கார்ந்திருந்தது வரை நல்லவர்களாய் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் கெட்டார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபம் யோபுவின்மேல் விழாமல் அவர்கள்மேல் விழுந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுவெடிப்புகளில் இறந்தவர்கள் உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள். அதைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு, துன்பத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு பாவம் இருக்கும் என்று இன்னமும் பேச எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

கிருபை என்பதை ஓர் உணர்ச்சியாக எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். பாட்டின்போது நெஞ்சு உருகினால் கிருபை வந்தது, உருகாவிட்டால் வரவில்லை என்று எண்ணுகிறோம். 1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாகக் கேட்கிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துவிடுகிறார். யாரும் எழுப்பிப் புத்தி சொல்லவில்லை, தூங்கவிடுகிறார்கள். இரண்டாம் முறையும் சாப்பாடு, கூடவே "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற ஒரு வார்த்தை. எல்லாரும் பிரசங்கிக்கும் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. பவுலும் இப்படித்தான். தாம் ஒடுங்கிப்போயிருந்த நாளில், சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் "தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்" என்று எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:6). ஒரு நண்பன் பயணம் செய்து வந்து சேர்ந்ததுதான் அங்கே தெய்வ ஆறுதல். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற புகழ்பெற்ற வாக்கும், முள் எடுபடும்படி மூன்று தரம் வேண்டியும் எடுபடாத ஒருவருக்குக் கிடைத்த பதில். அந்த முள் நோயா, பகையா, வேறேதுமா என்று பல நூற்றாண்டுகளாக ஊகித்திருக்கிறார்கள். பவுல் சொல்லாமல் விட்டதை அப்படியே விட்டுவிடலாம், அது நீங்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

அப்படியானால் நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தில், "என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று" என்று 18ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த சில வரிகளில், அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்கிறது. எரிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்து இரண்டையும் சொல்வது ஒரே வாய், இடையில் நிலைமை எதுவும் மாறவில்லை. அந்தப் புத்தகமும் மகிழ்ச்சியில் முடிவதில்லை; எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற கேள்வியோடுதான் ஐந்தாம் அதிகாரம் நிற்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் ஆணிவேர் உயிர்த்தெழுதல் என்பதில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது துக்கத்தைத் தடை செய்வதில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை, அழக்கூடாது என்று திரித்துச் சொல்கிறார்கள். அழும் விதத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு. லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள் ஆனபின்புதான் இயேசு அங்கே போய்ச் சேர்ந்தார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே முறையிட்டார்கள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசரு எழுந்து வருவான் என்று தெரிந்திருந்தும் கண்ணீர் விட்டார். மாற்குவின் சுவிசேஷத்தை மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16:8-இலேயே முடித்துவிடுகின்றன. காலியான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுநடுங்கி ஓடிப்போய், பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்பது அங்கே கடைசிச் செய்தி. உயிர்த்தெழுதலின் செய்தியைக் கேட்ட முதல் நாளே எல்லாரும் அல்லேலூயா பாடிவிடவில்லை.

வாசிப்பதைப் பற்றி என் ஆலோசனை எளியது. வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. தனி வசனங்களை விட்டுவிட்டு முழுப் பகுதிகளாக வாசியுங்கள். ரூத்தின் புத்தகம் 85 வசனங்கள்தான், பிள்ளைகள் தூங்கியபின் ஒரே இருப்பில் முடிக்கலாம். பிறகு 1 இராஜாக்கள் 19, புலம்பல் 3, யோவான் 11, அவற்றுக்கிடையில் 13, 88, 130 ஆகிய சங்கீதங்கள்; திருவிவிலியம் வைத்திருக்கும் கத்தோலிக்க வாசகர்கள் திருப்பாடல்களில் இதே எண்களில் இவற்றைக் காண்பார்கள். சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ஒன்றும் தோன்றாவிட்டால் மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். இதனால் ஆறுதல் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சிலருக்கு ஒரு வாரத்தில் ஏதோ இளகியது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நேரவில்லை, இரு சாராரும் விசுவாசிகளாகவே இருந்தார்கள்.

வேதாகம வாசிப்பால் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. இரவில் தூக்கம் வருவதில்லை, சோற்றைக் கண்டாலே வெறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல மாதங்களாக இப்படி இருந்தால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். எலியாவுக்கும் முதலில் கொடுக்கப்பட்டது உணவும் உறக்கமும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடைவுக் கடனையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவையும் சபையிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். விதவைகளுக்கு அன்றாடம் கொடுப்பதில் குறை வந்தபோது எருசலேம் சபை அதற்கென்றே ஏழு பேரை நியமித்தது, அப்போஸ்தலர் 6-இல் இருக்கிறது. வசனம் அனுப்புகிறவர்களில் இரண்டொருவர் யாக்கோபு 2:16-ஐயும் வாசித்தால் நல்லது. பசியோடு இருப்பவரைப் பார்த்து "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு வேண்டியதைக் கொடாமற்போனால் பிரயோஜனமென்ன என்று கேட்கும் வசனம் அது.

நினைவு ஆராதனையில் சாட்சி சொல்வது கட்டாயமில்லை. உங்கள் போதகரிடம் இப்போதே போய், என்னால் முடியாது என்று சொல்லிவிடலாம். நல்ல போதகர் வற்புறுத்தமாட்டார். ஒன்றும் பேசாமல் இருப்பது பிள்ளைகளுக்காவது மனக்குறையாக இருக்கும் என்று நினைத்தால், கணவரைப் பற்றி இரண்டு வார்த்தை, கடைக்கு வந்தவர்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுபோல ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு, 13ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். கடைசி இரண்டு வசனங்கள் துதியாக இருக்கின்றன. அன்று அவை வாயில் வராவிட்டால் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியை வாசிக்கும்படி சபையாரிடம் விட்டுவிடலாம். முன்கூட்டியே போதகரிடம் சொல்லிவைத்தால் அவர் அதற்கு ஒழுங்கு செய்வார்.